முதுமைக் காப்பும் உலக நாடுகளும்

மூப்பு எல்லா நாட்டார்க்கும் பொதுவானது. ஆயின் மூத்தோரைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கு நாடுகள் யாவும் ஒரே விடையை அளிக்கவில்லை. குடும்பத்தின் கடமையென்றும் அறவோர் ஈகையென்றும் நெடுங்காலம் கருதப்பட்ட இப்பணியைப் பொதுமக்கள் பொருட்டு அரசுகள் சட்டத்தால் ஏற்கத் தொடங்கியமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாம். அன்று தொட்டு ஒரு நாட்டின் திட்டத்தைப் பிறிதொரு நாடு நோக்கிக் கற்று வருகின்றது. அத்திட்டங்களை ஒப்பிடுங்கால் செலவிட்ட தொகையை மட்டும் நோக்குதல் போதாது. சுமையைத் தாங்குவோர் யார், பயனுக்குப் புறம்பே நிறுத்தப்பட்டோர் யார் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

ஜேர்மனியில் பிஸ்மார்க் 1889ஆம் ஆண்டிலே முதியோர் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். சமவுடைமைக் கட்சியை 1878இல் சட்டத்தால் ஒடுக்கிய அவரே, தொழிலாளர் மனத்தை அரசின்பால் ஈர்க்கவும் முற்பட்டார். தொழிலாளரும் தொழில் கொள்வோரும் சமபங்கு செலுத்தினர். அரசும் ஒரு தொகை உதவிற்று. ஆயின் ஓய்வூதியம் பெறும் வயது எழுபது. அவ்வயதை எய்திய தொழிலாளர் சிலரே.

நியூசிலாந்து வேறு வழி சென்றது. செடன் தலைமையிலான அரசு 1898இல் இயற்றிய சட்டம், பங்குப்பணம் எதுவும் கேளாது, அறுபத்தைந்து வயது நிரம்பிய வறியோர்க்குப் பொது வருவாயிலிருந்து ஆண்டுக்கு 18 பவுண் வரை வழங்கிற்று. கூலி பெறாதாரும் இதனாற் பயனடைந்தனர். எனினும் சீனரையும் பிற ஆசியரையும் அச்சட்டம் விலக்கி வைத்தது. தாராளமெனப் போற்றப்பட்ட திட்டத்திலும் இத்தகைய மதில் இருந்தமை கருதத்தக்கது.

பிரித்தானியா 1908இல் எழுபது வயதுடைய வறியோர்க்கு வாரம் 5 சிலிங் வரை, பங்குப்பணமின்றி வழங்கச் சட்டஞ் செய்தது. அவ்வாண்டிலேயே லொயிட் ஜோர்ஜ் ஜேர்மனி சென்று அந்நாட்டுக் காப்புறுதி முறையை நேரிற் கண்டார். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் அம்முறை நோய்க்கும் வேலையின்மைக்கும் உரிய காப்பாக உருப்பெற்றது. கடன் கொண்ட கருத்து, கொண்ட நாட்டின் தேவைக்கேற்பத் திரிந்தமைக்கு இது சான்றாகும்.

உலகமயமாக்கல் காலத்தில் இக்கொடுக்கல் வாங்கல் விரைவுற்றது. சிலி நாட்டின் இராணுவ அரசு 1981இல் தொழில் கொள்வோர் பங்கை நீக்கி, தொழிலாளர் தத்தம் கூலியிற் பத்திலொன்றைத் தனியார் நிதியங்களிற் சேமிக்குமாறு செய்தது. படையினர் மட்டும் பழைய முறையிலேயே இருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1994இல் உலக வங்கி தனது அறிக்கையொன்றில் தனியார் சேமிப்பு முறைக்கு ஆதரவளித்தது. இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவும் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவும் அவ்வழிப் படர்ந்தன. ஆயின் நிலையான வேலையில்லாதார் கணக்கிற் சேமிப்புச் சிறிதளவே தேறிற்று. 2008இல் ஆர்ஜென்ரீனா தனியார் நிதியங்களை அரசுடைமையாக்கியது. அவ்வாண்டே சிலியும் வறியோர்க்கு வரிப்பணத்திலிருந்து ஓய்வூதியம் அளிக்கலாயிற்று. நியூசிலாந்து நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன் கண்ட வழியை அது ஒருவாறு மேற்கொண்டது எனலாம்.

நமது நாட்டிலும் இவ்வினா எழாமலில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி, சம்பளம் பெறுவோர்க்கு உரியதாயிற்று. கமக்காரர்க்கெனத் தனிச் சட்டம் 1987இலேயே வந்தது. மாதச் சம்பளமில்லாது உழைத்தோர் பிந்தியே நினைக்கப்படுவர் என்பதற்கு இவ்விடைவெளி சான்று.

ஆதலின், பிற நாட்டுத் திட்டமொன்று நம்முன் வைக்கப்படும்போது அதன் பெயராலோ அதனைப் பரிந்துரைப்போர் பெருமையாலோ மயங்குதல் தகாது. வாழ்நாள் முழுதும் உழைத்தும் எக்கணக்கேட்டிலும் பெயர் பதியப்பெறாத முதியவளுக்கு அதில் என்ன இடமுண்டு என வினவுதல் வேண்டும். வரலாறு கற்போர் நாடுகளை ஒப்பிடுதற்கு அதனினும் நேர்மையான அளவுகோல் அரிது.