முதல் பெட்டியை வாங்கி வைத்த கடைக்காரர்



நவராத்திரிக்கு நம் கிளப் ஹவுஸில் வைத்த கொலுவில் பேண்டு வாத்திய செட் ஒன்று இருந்ததே, கவனித்தீர்களா? நம் பிள்ளைகள் அதையேதான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வரிசையாக நிற்கும் குட்டிச் சிப்பாய்களுக்கு அப்படி ஓர் ஈர்ப்பு உண்டு. இங்கிலாந்தில் பெரியவர்களே இவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அந்தப் பொழுதுபோக்கில் பொம்மை செய்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். விற்றுக் கொடுத்தவரை நினைப்பவர்கள் குறைவு. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு விற்றவர் மேல்தான் நாட்டம்.

அவர் பெயர் ஏ. டபிள்யூ. கேமேஜ். 1878-ல் லண்டன் ஹோல்பர்ன் பகுதியில் ஒரு கூட்டாளியோடு சின்னக் கடை போட்டார். மற்ற கடைகளைவிட விலை குறைத்து விற்றார், கூட்டம் வந்தது. சீக்கிரமே கூட்டாளியின் பங்கையும் தானே வாங்கிக்கொண்டார். பக்கத்துக் கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்ததால் கடைக்குள் படிகளும் சந்துகளும் குட்டி அறைகளுமாக வழியே புரியாதாம். குழந்தைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு! சைக்கிள், விளையாட்டுச் சாமான், பொம்மை என்று அங்கே கிடைக்காதது குறைவு.

அந்தக் காலத்தில் பொம்மைச் சிப்பாய் என்றாலே ஜெர்மனி சரக்குதான். உள்ளும் புறமும் முழுக்க ஈயம். கனமும் அதிகம், விலையும் அதிகம். 1893-ல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் என்பவர் புது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்ற வேண்டும். அச்சை ஒட்டிய பகுதி மட்டும் இறுகியதும், நடுவில் இறுகாமல் இருப்பதை வெளியே கொட்டிவிட வேண்டும். உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. உயரம் 54 மில்லிமீட்டர். சிவப்புப் பெட்டியில் காலாட்படை என்றால் எட்டுப் பேர், குதிரைப்படை என்றால் ஐந்து பேர்.

பொருள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜெர்மனி சரக்கை விற்றுப் பழகிய வியாபாரிகள் உள்ளூர்ச் சரக்கை வாங்கத் தயங்கினார்கள். கேமேஜ் வாங்கி வைத்தார். பெரிய கடைகளில் முதலில் துணிந்தது அவர்தான் என்று சேகரிப்பாளர்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். அதன்பின் பிரிட்டன் சிப்பாய்கள் உலகமெங்கும் போனார்கள். அந்த வரிசையில் நம் மெட்ராஸ் காலாட்படைக்கும் ஒரு பெட்டி உண்டு. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இந்தச் சிப்பாய்களை வைத்து ஆடும் விளையாட்டுக்கென்றே 1913-ல் ஒரு புத்தகம் எழுதினார். மறுவருஷமே நிஜ யுத்தம் வந்தது. அது முடிந்தபோது ஜனங்களுக்குச் சண்டை சலித்துவிட்டது. பிரிட்டன் கம்பெனி 1920-களில் பசு, ஆடு, கோழி என்று பண்ணை பொம்மைகள் செய்தது.

கேமேஜ் 1930-ல் காலமானார். அவருடைய உடலை அவர் கடையிலேயே, மோட்டார் சாமான்கள் விற்கும் பகுதியில், அஞ்சலிக்கு வைத்தார்கள். கடை ஊழியர்கள் காவல் நின்று மரியாதை செய்தார்கள். வாழ்நாளெல்லாம் சிப்பாய்களைப் பெட்டியில் வைத்து விற்றவருக்குக் கடைசியில் தன் ஆட்களே அணிவகுத்து நின்ற பேறு! எத்தனை முதலாளிகளுக்கு இது வாய்க்கும்?

ஈயம் குழந்தைகளுக்கு ஆகாது என்ற கவலை வந்தது, பிளாஸ்டிக்கும் வந்தது. 1966-ல் ஈயச் சிப்பாய் தயாரிப்பு நின்றது. 1972-ல் ஹோல்பர்ன் கடையும் மூடப்பட்டது. இன்று பழைய சிவப்புப் பெட்டியோடு, வண்ணம் உரியாமல் ஒரு செட் கிடைத்தால் சேகரிப்பாளர்களுக்கு அது பொக்கிஷம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். 1980-களில் நான் கடன் பிரிவில் இருந்தபோது, மர பொம்மை செய்யும் ஒருவர் சின்னத் தொகைக்கு விண்ணப்பம் கொடுத்தார். மேஜைமேல் ஒரு குதிரை பொம்மையையும் வைத்தார். முந்தைய விற்பனைக் கணக்கு எதுவும் அவரிடம் இல்லை. 'சந்தை உறுதியில்லை' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியவன் நான். விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் குதிரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். விதிப்படி நான் செய்தது சரிதான். ஆனால் முதல் பெட்டியை யாராவது வாங்கினால்தானே விற்பனைக் கணக்கு என்று ஒன்றே வரும்? இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு முன் நம் வளாகத்தில் சகோதரிகள் சிலர் தாங்கள் செய்த பொருள்களை மேஜை போட்டு விற்கப்போகிறார்கள். எந்த மேஜையில் இன்னும் போணி ஆகவில்லையோ, அங்கே முதலில் போங்கள். நானும் வருகிறேன்.

– பி பிளாக்கிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவர்