உராய்வும் மோதுகைப் பரிசோதனைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

புறவிசை தாக்காதவிடத்து இயங்கும் பொருள் மாறா வேகத்துடன் சென்றுகொண்டேயிருக்கும் என்பது இயக்கவியலின் முதல் விதி. ஆயின், தரையில் உருட்டிய எப்பொருளும் சற்றுத் தூரம் சென்று நின்றுவிடுதலையே நாம் காண்கின்றோம். விதி ஒன்று கூறக் கண் மற்றொன்றைக் காட்டும் இம்முரண்பாட்டிற்குக் காரணம் உராய்வு. பரிசோதனையைக் காணாத மாணவன் உந்தக் காப்பு விதியை மனனஞ் செய்து எழுதவே நேரிடும். பாலமுனை போன்றதொரு கரையோர ஊரின் பாடசாலையில் விலைமிக்க கருவி இல்லையெனின் இப்பரிசோதனைகளைக் கைவிடத்தான் வேண்டுமா? இவ்வினாவுக்கு அக்கருவிகளின் வரலாற்றிலேயே விடை காண முயல்வோம்.

1638இல் வெளிவந்த நூலிலே கலிலியோ தம் சாய்தளத்தை விவரித்துள்ளார். ஏறத்தாழப் பன்னிரண்டு முழ நீளமுள்ள மரத்தில் நேரிய பள்ளம் வெட்டி, அதனுள் வழவழப்பான தோற்றாள் ஒட்டி, மெருகிட்ட வெண்கலக் குண்டை அவர் உருட்டினார். நேரத்தை ஒழுகும் நீரின் நிறையால் அளந்தார். உராய்வைக் குறைக்க அவர் கையாண்டவை தச்சனின் பள்ளமும் தோலுமே.

மோதுகை விதிகளை 1668, 1669ஆம் ஆண்டுகளில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் இலண்டன் றோயல் கழகத்துக்குத் தெரிவித்தனர். அவ்விதிகளைச் சோதிக்க நியூற்றன் 1687இல் வெளியான தம் நூலில் எடுத்துக்கொண்ட கருவி ஊசலாகும். பத்தடி நீள நூல்களிற் குண்டுகளைத் தொங்கவிட்டு மோதச் செய்தார். தொங்கும் குண்டு தரையைத் தொடாமையால் தரை உராய்வு இல்லை. காற்றின் தடை மட்டுமே எஞ்சும். அதனை அவர் நீக்க முயலவில்லை. மோதுகையின்றி ஊசலை ஆடவிட்டு, ஒரு முழு அலைவில் ஏற்பட்ட இழப்பை அளந்து, அதன் நான்கில் ஒரு பங்கை ஓர் இறக்கத்தின் இழப்பெனக் கொண்டு கணக்கைத் திருத்தினார். பிரியும் வேகத்துக்கும் நெருங்கிய வேகத்துக்குமுள்ள விகிதம் கம்பளி உருண்டைகளில் ஏறத்தாழ 5:9 எனவும், கண்ணாடியில் 15:16 எனவும் கண்டார். தடையை ஒழித்தலேயன்றி அளந்து கழித்தலும் அறிவியல் நெறியே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பின்வந்தோர் பெரும்பாலும் ஒழிக்கும் நெறியையே வளர்த்தனர். அட்வூட் 1784இல் விவரித்த பொறியில் கப்பியின் அச்சு நான்கு சிறு சில்லுகளின் மேல் தாங்கப்பட்டது. 1956இல் ஐக்கிய அமெரிக்காவிலும் 1962இல் நஃபீல்ட் திட்டத்தின்வழி இங்கிலாந்திலும் பௌதிகவியற் கல்வி சீரமைக்கப்பட்டபோது, துரொலியும் செக்கனுக்கு 50 புள்ளியிடும் டிக்கர் கருவியும் வகுப்பறைகளிற் பரவின. புள்ளிகள் சம இடைவெளியில் விழும்வரை பலகையைச் சரித்து உராய்வை ஈடுசெய்தனர். அதன்பின் துளைகள்வழி காற்றெழுந்து ஊர்தியைத் தாங்கும் வளித்தடம் வந்தது. இதற்கு ஊதுகருவியும் தடையற்ற மின்னும் வேண்டும். கடற்கரையிலோ மணற்றுகள் துளைகளை அடைக்கும். உப்புக்காற்றில் துரொலியின் இரும்பு அச்சுகள் துருவேறும்.

ஆதலின், நம் ஊர்களில் நியூற்றனின் நெறியே எளிதிற் கைகூடும் என்பது எமது கருத்து. கரம் பலகையை எடுத்துக்கொள்வோம். சிறு சாய்பலகையில் குறித்த ஓரிடத்திலிருந்து காய் ஒன்றை வழுக்கவிடுக. அது பலகையில் ஒரு குறியைக் கடந்தபின் சென்று நிற்கும் தூரத்தை அளக்க. உராய்வு மாறாதிருப்பின், குறியில் அதன் வேகம் அத்தூரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதசமமாகும். பின்னர், அவ்விடத்தில் ஒத்த திணிவுள்ள மற்றொரு காயை வைத்து, நேருக்குநேர் மோதச் செய்க. எடுத்துக்காட்டாக, தனியே வந்த காய் 64 சென்ரிமீற்றர் சென்றதெனவும், மோதுகையின்பின் காய்கள் முறையே 1, 49 சென்ரிமீற்றர் சென்றனவெனவும் கொள்வோம். வர்க்கமூலங்கள் 8, 1, 7. ஒன்றும் ஏழும் எட்டாதலின் உந்தம் காக்கப்பட்டது. மீளமைவுக் குணகம் ஆறின் கீழ் எட்டு, அதாவது 0.75. தடையாய் நின்ற உராய்வே இங்கு அளவுகோலாகிவிடுகின்றது.

வளித்தடம் வேண்டாததென யாம் கூறவில்லை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, அயலூரான ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தைக் கொண்டுள்ளது. அத்தகைய இடங்களில் மாணவர் அதனைக் கண்டறிதல் நன்று. எனினும், கருவி வரும்வரை பாடம் காத்திருத்தல் வேண்டியதில்லை. நூலும் குண்டும் பலகையும் உள்ள இடமெல்லாம் ஆய்கூடமே.