ஒரு டாலர் கிரயப் பத்திரம்

1953 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் ஒரு நிலம் கைமாறியது. விற்றது ஹூக்கர் என்ற ரசாயன நிறுவனம். வாங்கியது அந்த நகரத்தின் கல்வி வாரியம். விலை ஒரே ஒரு டாலர். கிரயப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருந்தது. இந்த நிலம் ரசாயனக் கழிவால் நிரப்பப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது. அதனால் பின்னாளில் யாருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தாலும் விற்றவர்மீது உரிமை கோர முடியாது என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் ஒரு தொடக்கப் பள்ளி திறக்கப்பட்டது. 'லவ் கால்வாய்' என்று உலகம் அறிந்த இந்த விவகாரம் பெரும்பாலும் நோய்களின் கதையாகவே சொல்லப்படுகிறது. இதைக் காகிதங்களின் கதையாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. நச்சு யாருடைய உடலில் என்ன செய்தது என்பதில் விஞ்ஞானிகள் இன்றும் முழுதாக ஒத்துப்போகவில்லை. எது புதைந்திருக்கிறது என்று யாருக்கு, எப்போது தெரியும் என்பதற்கோ அழியாத சான்று இருக்கிறது. பொதுச் சொத்தையும் கழிவையும் துருவும் செய்தியாளர் நிற்க வேண்டிய இடம் அந்தச் சான்றுதான்.

கால்வாயின் பெயர் வில்லியம் லவ் என்பவரிடமிருந்து வந்தது. நயாகரா நதியின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒரு கால்வாயால் இணைத்து, அதில் விழும் நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, ஒரு மாதிரி நகரத்தையே எழுப்பிவிடலாம் என்று 1890களில் அவர் திட்டமிட்டார். பொருளாதார வீழ்ச்சியில் முதலீடு வற்றியது. மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் தொழில்நுட்பமும் வந்துவிட, திட்டத்தின் தேவையே போனது. அரைகுறையாகத் தோண்டிய பள்ளம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பள்ளத்தில்தான் 1942 முதல் 1953 வரை ஹூக்கர் நிறுவனம் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி மூடியது. நகராட்சியின் குப்பையும் அங்கே போனது. பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கியபோதே கழிவுக் குழிகள் தட்டுப்பட்டன. கல்வி வாரியம் இடத்தைக் கைவிடவில்லை, கட்டடத்தைச் சற்றுத் தள்ளிக் கட்டியது. எஞ்சிய நிலத்தை வீடு கட்டுவோருக்கு விற்க வாரியம் 1957இல் யோசித்தபோது ஹூக்கரின் வழக்கறிஞரே கூட்டத்துக்கு வந்து, அங்கே தோண்டுவது ஆபத்து என்று எதிர்த்துப் பேசினார். அந்த விற்பனை நின்றது. ஆனால் சுற்றுத் தெருக்களுக்கான சாக்கடைகள் பள்ளத்தின் கரையை அறுத்துக்கொண்டு போடப்பட்டன. இரு பக்கமும் வீடுகள் எழுந்தன. தவணைக் கடனில் அந்த வீடுகளை வாங்கிய தொழிலாளர் குடும்பங்களிடம் மட்டும் எவரும் எதையும் சொல்லவில்லை.

1970களின் நடுவில் மழையும் பனியும் மிகுந்த ஆண்டுகள் வந்தன. பள்ளம் நிரம்பி, நிலவறைகளில் கரிய திரவம் கசிந்தது. 1976இல் 'நயாகரா கெஜெட்' என்ற உள்ளூர் நாளிதழின் டேவிட் போலக், டேவிட் ரஸ்ஸல் என்ற இரண்டு செய்தியாளர்கள் எளிமையான, ஆனால் அதுவரை எந்த அதிகாரியும் பொதுவெளியில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார்கள். நிலவறையிலிருந்து தண்ணீரை இறைக்கும் குழிகளில் தங்கியிருந்த கசடை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பதினைந்து கரிம ரசாயனங்கள் இருப்பதாக முடிவு வந்தது. அவற்றில் மூன்று, குளோரின் கலந்த நச்சுப் பொருட்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் செய்தி அச்சேறியது. அதன்பின் ஓராண்டுக்கும் மேல் குறிப்பிடத்தக்கதாக எதுவும் நடக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆய்வக முடிவு என்பது மறுக்க முடியாத ஆதாரம். இருந்தும், மனித முகம் இல்லாத ஆதாரத்தை அரசால் எளிதாக ஒத்திப்போட முடிந்தது.

முகத்தைக் கொண்டுவந்தவர் அதே நாளிதழின் மைக்கேல் பிரவுன். 1978இன் தொடக்கத்தில் அவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். பிறவிக் குறைபாடுகள், கருச்சிதைவுகள், காரணம் புரியாத நோய்கள் என்று எழுதியபடியே இருந்தார். அந்தக் கட்டுரைகளைப் படித்துத்தான் தன் மகன் படிக்கும் பள்ளியின் கீழே என்ன இருக்கிறது என்பது லோயிஸ் கிப்ஸுக்குத் தெரியவந்தது. மகனை வேறு பள்ளிக்கு மாற்றக் கேட்டார், வாரியம் மறுத்தது. அவர் கதவு கதவாகத் தட்டி, குடியிருப்போரைச் சங்கமாகத் திரட்டினார். ஆகஸ்ட் 2 அன்று நியூயார்க் மாநிலச் சுகாதார ஆணையர் ராபர்ட் வேலன் நெருக்கடி நிலையை அறிவித்து, பள்ளியை மூடி, கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்றார். ஐந்து நாட்களில் அதிபர் கார்ட்டர் மத்திய அரசின் நெருக்கடி அறிவிப்பை வெளியிட்டார். பள்ளத்தை ஒட்டிய 239 குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. அடுத்த வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு, உங்களுக்கு ஆபத்தில்லை என்ற பதில்தான் கிடைத்தது. விஞ்ஞானி பெவர்லி பெய்கனின் துணையோடு அவர்கள் தாங்களே கணக்கெடுத்து, பழைய நீரோட்டத் தடங்களை ஒட்டி நோய்கள் கூடுதலாக இருப்பதாகக் காட்டினார்கள். இல்லத்தரசிகள் திரட்டிய தகவல் என்று அதிகாரிகள் அதைத் தள்ளினார்கள்.

இந்த இடத்தில்தான் வலுவான ஒரு மறுப்பு எழுகிறது. செய்தித்தாள்கள் பீதியைக் கிளப்பின, அறிவியல் அவற்றைப் பின்பற்றி வரவில்லை என்பது அந்த மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1980 மே மாதம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் ஆய்வை வெளியிட்டது. பரிசோதித்த 36 பேரில் 11 பேரின் குரோமோசோம்களில் கோளாறு என்றது அது. ஒப்பிட்டுப் பார்க்க வெளியூர்க்காரர் குழு எதுவும் அந்த ஆய்வில் இல்லை. செய்தி நாடெங்கும் பரவியது. கொதித்துப்போன மக்கள் முகமையின் இரண்டு அதிகாரிகளைச் சில மணி நேரம் வெளியே விடாமல் பிடித்து வைத்தார்கள். இரண்டு நாளில் கார்ட்டர் மீண்டும் நெருக்கடியை அறிவித்தார். பின்னால் வேறு விஞ்ஞானிகள் முறைப்படி செய்த ஆய்வில் குரோமோசோம் கோளாறு கூடுதலாகத் தெரியவில்லை. ஆனால் மறுப்பாளர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு தள்ளி, 2008இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை வெளியிட்ட தொடராய்வில் புற்றுநோய் பற்றித் திடமான முடிவு கிடைக்கவில்லை. அங்கே பிறந்த குழந்தைகளிடையே பிறவிக் குறைபாடு, அந்த மாவட்டத்தின் பிற பகுதிகளைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு பகுதியில் அரிதான நோய்களை எண்ணினால் எண்ணிக்கை சிறியதாகவே வரும். தெளிவான விடை வரவில்லை என்பதற்கு, ஆபத்தே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. நோய் ஐயமற நிரூபணமாகும் வரை காத்திருக்கச் சொல்வது, நிரூபிக்கும் பாரத்தை நிலவறையில் கசடு ஊறிய வீட்டுக்காரரின் தலையில் ஏற்றுவதாகும். அதை நான் ஏற்க மாட்டேன். ஒருவர்கூட நோயுறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், தெரிந்ததை மறைத்து அந்தக் குடும்பங்களை அங்கே வாழவிட்டது தவறுதான்.

இரண்டாவது மறுப்பு, ஹூக்கர் எச்சரித்தது, கேளாதது கல்வி வாரியம், ஆகவே பழி தனியார் நிறுவனத்தின்மீது விழுந்தது அநீதி என்பது. 'ரீசன்' இதழில் எரிக் சூஸ் 1981இல் எழுதிய நீண்ட கட்டுரை இந்த வாதத்தை முன்வைத்தது. அவர் ஆதாரமாகக் கொண்டவை அந்தக் கிரயப் பத்திரமும் வாரியத்தின் கூட்டக் குறிப்புகளும். நச்சைப் பற்றி எழுதிய பலர் திறக்காத கோப்புகளை அவர் திறந்தார். பொது அமைப்பின் பொறுப்பின்மை அதனால் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் பெருமை அவருக்கு உரியது. ஆனால் அந்தக் காகிதங்களே நிறுவனத்தையும் விடுவிக்கவில்லை. எச்சரிக்கை வாரிய அறைக்குள்ளேயே நின்றது. 1958இல் அந்த நிலத்தில் வெளிப்பட்டுக் கிடந்த கழிவு பட்டுக் குழந்தைகளுக்குத் தோல் எரிந்த செய்தி நிறுவனத்துக்குப் போனது. வாரியத்துக்குத் தெரிவித்த நிறுவனம், தெருவில் வாழ்ந்தவர்களிடம் சொல்லவில்லை. கிரயப் பத்திரத்தின் நிபந்தனை நிறுவனத்தை வழக்கிலிருந்து காக்க எழுதப்பட்டது. குழந்தையைக் காக்கும் வரி அதில் ஒன்றும் இல்லை. விற்றவரும் வாங்கியவரும் ஆபத்தை அறிந்திருந்தார்கள், அதை அனுபவிக்கப் போகிறவர்கள் மட்டும் அறியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நோய்க் கதைகள் இல்லாமல் அரசு அசைந்திருக்காது என்பது உண்மை. 1976இன் மௌனமே அதற்குச் சாட்சி. பிரவுனின் உழைப்பை அதனால் மதிக்கிறேன். ஆனால் பரபரப்பு அடங்கிய பிறகும் நிலைத்தது வேறொன்று. 1980 டிசம்பரில் கார்ட்டர் கையெழுத்திட்ட 'சூப்பர்ஃபண்ட்' சட்டம், அயலார் யாருக்கு என்ன நோய் வந்தது என்று கேட்பதில்லை. கழிவைக் கொட்டியது யார், நிலம் யாரிடம் இருந்தது என்று கேட்கிறது. சட்டம் பிறப்பதற்கு முன் கொட்டியவரையும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பாக்குகிறது. அந்தச் சட்டத்தின் கீழ், ஹூக்கரை விலைக்கு வாங்கியிருந்த ஆக்ஸிடென்டல் நிறுவனம் பொறுப்பாளி என்று நீதிபதி ஜான் கர்டின் 1988இல் தீர்ப்பளித்தார். 1994இல் அதே நீதிபதி, ஹூக்கர் அலட்சியமாக நடந்தது என்றாலும் தண்டனைத் தொகை விதிக்கும் அளவுக்கு அது இல்லை என்றார். அந்த ஆண்டே மாநில அரசுக்கு 9.8 கோடி டாலரும், அடுத்த ஆண்டு மத்திய அரசுக்கு 12.9 கோடி டாலரும் தர ஆக்ஸிடென்டல் ஒப்புக்கொண்டது. கழிவு அங்கிருந்து அகற்றப்படவில்லை. களிமண்ணாலும் நெகிழித் தாளாலும் மூடி, வேலியிட்டு, கசிவுநீரைக் குழாய்களில் சேகரித்துச் சுத்திகரிக்கிறார்கள். 2004இல் அந்த இடம் சூப்பர்ஃபண்ட் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கண்காணிப்பு இன்றும் தொடர்கிறது.