நிழற்குடை ஒருவருக்கு, பஸ் இன்னொருவருக்கு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையைப் பொழுதுபோக்காக யாரும் படிக்க மாட்டார்கள். 74-வது திருத்தத்தோடு 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த சின்னப் பட்டியல் அது. நகராட்சிகளிடம் மாநில அரசு ஒப்படைக்கலாம் என்று 18 வேலைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. நகரத் திட்டமிடல், சாலை, குடிநீர், தீயணைப்பு, சுடுகாடு, கால்நடைப் பட்டி, இறைச்சிக்கூடம். பதினேழாவது வரியில் தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம். மேலிருந்து கீழாக இரண்டு தடவை தேடினேன். பேருந்து நிறுத்தம் இருக்கிறது, பேருந்து இல்லை.

சென்னையில் இது அப்படியே கண்ணால் பார்க்கக் கிடைக்கும். நீங்கள் நிற்கும் நிழற்குடை மாநகராட்சியுடையது. வரப்போகும் பஸ் மாநில அரசின் கம்பெனியான எம்டிசியுடையது. காலுக்குக் கீழே ஓடும் மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, அதற்குப் பக்கத்திலேயே ஓடும் கழிவுநீர்க் குழாய் மெட்ரோ வாட்டருக்கு. எதிரே இருக்கும் சாலை மாநகராட்சியுடையதாகவும் இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கலாம். 29C ஏன் இன்னும் வரவில்லை என்று கவுன்சிலரைக் கேட்டால் அவருக்கும் நமக்கும் ஒரே நிலைமைதான், அவரும் காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் தொழிலில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஓனர் என்று ஒரு டீமின் பெயர் எழுதி வைத்திருப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது விழுந்தால் அந்தப் பெயருக்கு அலாரம் அடிக்கும். பெயர் எழுதாத சர்வீஸ்தான் ரொம்ப நாள் உடைந்தே கிடக்கும். சென்னையின் பஸ்ஸுக்கும் தண்ணீருக்கும் எழுதியிருந்த பெயர் எப்போது அழிந்தது என்று தேடப் போனால் அது பழைய கதையாக விரிகிறது.

ரொம்பப் பின்னால் போக வேண்டாம். 1688-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே மாநகராட்சியைத் தொடங்கியதன் நோக்கம் ஜனநாயகம் கிடையாது, வரி. உங்களில் சிலரை உட்கார வைத்து, அவர்கள் வாயாலேயே வரி கட்டச் சொன்னால் கட்டுவீர்கள் என்பது லண்டனில் இருந்த ஜோசையா சைல்டின் கணக்கு. 1882-ல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தபோது வேறு காரணம் சொன்னார். நிர்வாகம் உடனே சீராகும் என்பதற்காக இதைச் செய்யவில்லை, மக்களுக்கு அரசியல் பயிற்சியாக இருக்கும் என்பதற்காக. 1913-ல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அந்தக் கட்டடத்திலிருந்து உருப்படியாக நடந்த வேலைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் பூண்டி. 1939-ல் மேயரான சத்தியமூர்த்தி நகரத்தின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் தன் தலைவலியாக எடுத்துக்கொண்டார். போர்க்காலம். ஆளுநர் ஆட்சி. காங்கிரஸ்காரரான மேயர் ஆங்கிலேய அரசிடம் போய் அனுமதி வாங்க வேண்டும். வாங்கினார். 1940-ல் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1944-ல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர். அன்றைய மாநகராட்சித் தேர்தலில் ஊரில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது, சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போய்க் கத்துவது என்று அன்றைக்கு ஊருக்குத் தெரிந்திருந்தது.

பஸ் கதை வேறு. அது எப்போதுமே மாநகராட்சியின் கைக்கு வெளியே இருந்தது. 1895-ல் இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் சென்னையில் ஓடியது, தனியார் கம்பெனியுடையது. தரைக்கு அடியில் பதித்த மின்தடத்தில் மழைத்தண்ணீர் புகுந்ததும் மேலே கம்பி கட்டி ஓட்ட ஆரம்பித்தார்கள். (சென்னை மழைக்கும் சென்னைப் பொறியாளர்களுக்கும் இடையிலான முதல் சண்டைகளில் ஒன்று. மழைதான் ஜெயித்தது.) கம்பெனி நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. அதற்கு முன்பே, 1947-ல், மாகாண அரசு சொந்தமாக பஸ் விட ஆரம்பித்திருந்தது. அதே 1947-ல் பம்பாயில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அங்கேயும் டிராமும் பஸ்ஸும் தனியார் கம்பெனியிடம்தான் இருந்தன. அதை அந்த ஊர் மாநகராட்சி வாங்கியது. அதுதான் பெஸ்ட். அங்கே பஸ் ஊருக்குச் சொந்தமானது, இங்கே மாநிலத்துக்கு.

தனியார் பஸ் முதலாளிகளிடமிருந்து வண்டிகளைப் பறித்து அரசுடைமையாக்கியது திமுக ஆட்சி. 1967-க்குப் பிறகு படிப்படியாகத் தொடங்கியது. 50 பஸ்ஸுக்கு மேல் வைத்திருந்தவர்களின் வண்டிகளை எடுத்துக்கொள்ள 1971-ல் தனிச் சட்டமே வந்தது. மதுரையில் டிவிஎஸ் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். அந்த டிவிஎஸ் பாண்டியன் ஆனது, கோவைப் பக்கம் ஆனைமலைஸ் சேரன் ஆனது. சென்னையில் 1972 ஜனவரி 1 அன்று 1,029 பஸ்களோடு பல்லவன் பிறந்தது. இதனால் கிடைத்த நன்மை சின்னது இல்லை. லாபம் வராத கிராமத்துக்கும் பஸ் போனது, அதில் ஏறித்தான் பல வீடுகளிலிருந்து முதல் பட்டதாரி கல்லூரிக்குப் போனார். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அமைப்பைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம், முழுப் பங்கும் அரசுக்கு, மேலே அதிகாரிகள் உட்காரும் இயக்குநர் குழு. கேள்வி கேட்க வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் போக்குவரத்து மானியக் கோரிக்கை வரும் நாளில் கேட்க வேண்டும். இல்லையென்றால் தணிக்கை அறிக்கை வழியாகப் பொது நிறுவனங்கள் குழுவுக்குப் போக வேண்டும். மாநிலம் முழுக்க 234 எம்எல்ஏக்கள், அத்தனை ஊர் பஸ்ஸுக்கும் ஒரே அமைச்சர். பெரம்பூரில் ஒரு நிறுத்தத்தை எங்கே வைப்பது என்பது அந்த அவைக்கு எப்படிப் போய்ச் சேரும்? சேர, சோழ, பாண்டியர் என்று மன்னர்கள் பெயராகத் தேடித்தேடி வைத்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் பொருத்தம்தான். 1997-ல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கியதும் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்தது. அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டது. பஸ்ஸின் பெயருக்காகத் தெருவில் இறங்கிய ஊரில் பஸ்ஸின் நேரத்துக்காக யாரும் இறங்கியதாகத் தெரியவில்லை.

சரி, பஸ்தான் இல்லை, மற்றதாவது மாநகராட்சியிடம் இருந்ததா? 1973 வரை இருந்தது. அந்த வருஷம் மஸ்டர் ரோல் ஊழல் வெளியே வந்தது. மஸ்டர் ரோல் என்பது தினக்கூலித் தொழிலாளர்களின் வருகைப் பதிவேடு. வேலைக்கே வராத ஆட்களின் பெயரில் கூலி எழுதி எடுத்திருந்தார்கள். மாநகராட்சி 1959-லிருந்தே திமுக கையில். மாநிலத்திலும் திமுக ஆட்சி. கருணாநிதி அரசு தன் கட்சி மாமன்றத்தையே கலைத்தது. அன்றைய தேதியில் அதைத் துணிச்சலான நடவடிக்கை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அடுத்த தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996 அக்டோபரில். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதோடு நிற்காமல், 23 வருஷம் திரும்பக் கட்டவே இல்லை. திமுக, அதிமுக, இடையிடையே குடியரசுத் தலைவர் ஆட்சி என எல்லோரும் வந்து போனார்கள். 1986-ல் மற்ற ஊர்களுக்கு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, தலைநகருக்கு மட்டும் கிடையாது. 1973-ல் சென்னையில் பிறந்த குழந்தை தன் ஊருக்கு ஒரு கவுன்சிலர் வருவதைப் பார்த்தபோது அதற்கு ஓட்டுப் போடும் வயதே தாண்டியிருந்தது.

இந்த 23 வருஷத்தில்தான் பெயர்கள் அழிந்தன. 1978-ல் தனிச் சட்டம் போட்டு குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் என்ற வாரியத்துக்குப் போயின. சத்தியமூர்த்தி யாருக்காக அலைந்தாரோ அந்த அமைப்பின் கையை விட்டுத் தண்ணீர் போனது. திட்டமிடலுக்கு சிஎம்டிஏ வந்தது. குடிசைப் பகுதிகளுக்கு 1970-களின் தொடக்கத்திலேயே தனி வாரியம் வந்திருந்தது. வாரியங்கள் அமைந்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை, ஊர் பெருத்துக்கொண்டிருந்தது, தனித் திறமை தேவைப்பட்டது. ஆனால் எதிர்த்து ஒரு கேள்வி கேட்க ரிப்பன் மாளிகையில் தனி அலுவலர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். அவரை நியமித்ததும் வாரியத்தை அமைத்ததும் ஒரே அரசு.

1996-ல் ஸ்டாலின் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயராக வந்தார். அவருக்குக் கிடைத்தது குப்பை, தெருவிளக்கு, பூங்கா, பள்ளி, மருத்துவமனை, வடிகால், சாலை, மேம்பாலம். மேம்பாலங்கள் கட்டினார், அது கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதா கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்ற விதியே ஐந்து தேர்தலில் மூன்று தடவை மாறியது. 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர் என்று சொந்த நகராட்சி வைத்திருந்த ஊர்கள் வார்டுகளாகச் சுருங்கின.

பிறகு 2016. பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று வழக்கு. உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. வார்டு மறுவரையறை, மறுபடி வழக்கு, மறுபடி தள்ளிவைப்பு. இந்தத் தடவை அரசமைப்புச் சட்டமே குறுக்கே நின்றது. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது பிரிவு 243ப. நின்று என்ன பயன்? 2022 பிப்ரவரி வரை சென்னையில் கவுன்சிலர் இல்லை.

அந்த இடைவெளிக்குள் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். 2018 ஜனவரி 20 அன்று பஸ் கட்டணம் ஒரே நாளில் எகிறியது. மாணவர்கள் தமிழ்நாடு முழுக்கச் சாலையில் உட்கார்ந்தார்கள். பத்து நாளுக்குள் அரசு கொஞ்சம் குறைத்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடும் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. 2020-ல் கொரோனா. தெருவை அடைத்தார்கள், வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் 200 வார்டுகளில் ஒன்றில்கூட, நாளைக்கு ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வந்தாக வேண்டும் என்ற பயம் உள்ள உள்ளூர் ஆள் இல்லை.

ஒரு எதிர்வாதம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். மாநில அரசு கேட்காமலா இருக்கிறது? 2021 மே மாதம் பதவியேற்ற முதல் நாளே சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று கையெழுத்தானது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் பூக்கட்டி விற்பவர்களுக்கும் அது மாதச் செலவில் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு காலை நேரம் ஒயிட் போர்டு பஸ்ஸில் ஏறினால் தெரிந்துவிடும். உண்மைதான். கட்டணம் என்பது மாநிலம் முழுக்க ஒரே கேள்வி. ஓட்டாக மாறக்கூடிய கேள்வி. அதற்கு அரசு பதில் சொல்கிறது, 2018-லும் சொன்னது. அந்த இலவச பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை வருகிறது, ராத்திரி கடைசி வண்டி எத்தனை மணிக்கு, நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா என்பது ஒவ்வொரு தெருவுக்கும் வேறு வேறு கேள்வி. அந்த அளவுக்குக் கீழே இறங்கிப் பதில் சொல்லும் தேர்ந்தெடுத்த ஆளிடம் பஸ் இல்லை.

பஸ்ஸை ஊரிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியவில்லை. பெஸ்ட்டைப் பாருங்கள். அங்கே கவுன்சிலர்கள் உட்காரும் பெஸ்ட் கமிட்டி உண்டு. பட்ஜெட், வழித்தடம், கட்டணம் எல்லாம் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். அப்படியும் கடன் ஏறியது, சொந்த பஸ்கள் குறைந்து ஒப்பந்த பஸ்கள் நிறைந்தன. 2022 மார்ச்சில் மும்பை மாமன்றத்தின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, ஆணையரே நிர்வாகி ஆனார். கவுன்சிலர் இல்லை, ஆகவே கமிட்டியும் இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே என்ன காணாமல் போயிருந்தது என்று ஊருக்குத் தெரியும். நமக்கு அப்படி ஒரு கமிட்டி இருந்திருக்கலாம் என்பதே யோசனையில் இல்லை.

சென்னையில் இதையெல்லாம் ஒன்றாகக் கட்ட கும்டா என்று ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-ல் சட்டம் போட்டார்கள். அதற்கு உயிர் வர ஏறக்குறைய பத்து வருஷம் ஆனது. பஸ், மெட்ரோ, மின்சார ரயிலுக்கு ஒரே டிக்கெட் என்று ஆப் வந்திருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆப் செய்வது என் தொழில், அதனால் சொல்கிறேன், மூன்று நிறுவனத்தின் டிக்கெட்டை ஒரு திரையில் சேர்ப்பது சுலபமான பாதி. அந்தத் திரையில் போடும் புகார் யார் மேஜைக்குப் போகிறது என்பது மற்ற பாதி.

2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை மாதிரி, வார்டுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவது. உங்கள் பகுதி சபை எப்போது கூடியது என்று தெரியுமா? கவுன்சிலரின் பெயராவது? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. அங்கே மறுபடியும் தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். சென்னை கவுன்சிலர்கள் பதவியேற்றது 2022 மார்ச் 2 அன்று. ஐந்து வருஷக் கணக்கு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது.