லேசர் ஆஸ்பத்திரிக்கு வந்த கதை

முதலாமாண்டு பௌதிக லேபில் நாம் எல்லோரும் செய்த சோதனைதான். இருட்டு ரூம், சின்ன லேசர், நடுவில் கிரேட்டிங், எதிர்ச் சுவரில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். இடைவெளியை ஸ்கேலால் அளந்து அலைநீளம் கண்டுபிடிக்க வேண்டும். எங்க பேட்ச்சில் யாரும் அதற்காகப் பெரிசாகக் கஷ்டப்படவில்லை. விடை 650 நானோமீட்டர் பக்கம் வரணும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். விடையிலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதி, ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டோம்.

அந்தப் பாவம் பதினைந்து வருஷம் கழித்து, ஒரு கண் ஆஸ்பத்திரியில் என்னைப் பிடித்தது.

அப்பாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. கண் முன்னால் கரும்பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு என்று அவர் சொன்ன பிறகுதான் கூட்டிப் போனோம். விழித்திரையில் ரத்தக்கசிவு. "லேசர் வைக்கணும்" என்றார் டாக்டர். அப்பா என் பக்கம் திரும்பி, "நீ இன்ஜினியர்தானே? முன்னாடி இருக்கிற கருவிழியைச் சுடாம, பின்னாடி மட்டும் எப்படிடா சுடும்?" என்று கேட்டார். டாக்டரும் சிரித்தபடி என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்காகத் தேடிப் படித்ததைத்தான் இந்த மலருக்கு எழுதுகிறேன்.

சூரியனைப் பிடித்த டாக்டர்

ஒளியால் கண்ணுக்கு வைத்தியம் செய்வது லேசருக்கும் முந்திய சங்கதி. 1945-ல் ஐரோப்பாவில் தெரிந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துச் சிலருக்கு விழித்திரை வெந்துபோனது. அந்தத் தழும்புகளைக் கவனித்த ஜெர்மன் கண் மருத்துவர் கெர்ட் மெயர்-ஷ்விக்கராத்துக்கு ஒரு யோசனை. கெடுதல் செய்கிற இந்தச் சூட்டையே கிழிந்த விழித்திரையை ஒட்ட வைக்கப் பயன்படுத்தினால் என்ன? கண்ணாடிகள் வைத்துச் சூரிய ஒளியை நோயாளியின் கண்ணுக்குள் திருப்பினார். பலித்தது. ஆனால் மேகம் மூடினால் வைத்தியம் கிடையாது! பிறகு கார்பன் ஆர்க், 1950-களில் ஸைஸ் கம்பெனியோடு சேர்ந்து செனான் விளக்கு என்று முன்னேறினார். அதிலும் ஒரு குறை இருந்தது. செனான் ஒளி வெள்ளை, எல்லா நிறமும் கலந்தது. சின்னப் புள்ளியாகக் குவியாது. தழும்பு பெரிசாக விழும்.

ஒன்று போனால் இரண்டு

ஒரே நிற ஒளிக்கு வழி 1917-லேயே காகிதத்தில் இருந்தது. சக்தி ஏறி நிற்கும் அணுவை, பொருத்தமான சக்தியுள்ள ஒரு ஒளித்துகள் கடந்து போனால், அந்த அணு கீழே இறங்கி, அச்சு அசலாக இன்னொரு துகளை வெளியிடும் என்றார் ஐன்ஸ்டைன். அதே நிறம், அதே திசை, அதே தாளம். ஒன்று போனால் இரண்டு வரும், இரண்டு நாலாகும். சிக்கல் என்னவென்றால், சாதாரணமாகக் கீழ்நிலை அணுக்கள்தான் அதிகம். அவை துகள்களை விழுங்கிவிடும். மேலே அதிக அணுக்களை ஏற்றி நிறுத்த வேண்டும்.

சார்ல்ஸ் டவுன்ஸ் 1954-ல் மைக்ரோ அலையில் அதைச் சாதித்தார். ஒளியிலும் முடியும் என்று 1958-ல் அவரும் ஷாலோவும் எழுதினார்கள். கடைசியில் 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவில் மாலிபு என்ற ஊரில், ஹியூஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் தியோடர் மெய்மன் செய்து காட்டினார். ஒரு சின்ன ரூபித் தண்டு, முனைகளில் வெள்ளிப் பூச்சு, சுற்றிலும் சுருள் ஃபிளாஷ் விளக்கு. இவ்வளவுதான். பௌதிகப் பத்திரிகை ஒன்று அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. பிறகு 'நேச்சர்' வெளியிட்டது.

பத்தொன்பதே மாதம்! 1961 டிசம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா-பிரஸ்பிடேரியன் மருத்துவமனையில், டாக்டர் சார்ல்ஸ் கேம்ப்பெல் ரூபி லேசரால் ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை அழித்தார்.

நிறம்தான் மருந்து

அப்பாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒளி பட்ட இடமெல்லாம் சுடாது. எங்கே விழுங்கப்படுகிறதோ அங்கேதான் சுடும்.

ரூபியின் சிவப்பை (694 நானோமீட்டர்) ரத்தம் அவ்வளவாக விழுங்குவதில்லை. 1964-ல் வில்லியம் பிரிட்ஜஸ் கண்டுபிடித்த ஆர்கான் லேசர் நீலம், பச்சை (488, 514.5). கருவிழியும் லென்ஸும் அதை வழிவிட்டு அனுப்பிவிடும். விழித்திரைக்குப் பின்னுள்ள கருநிறமியும் ரத்தமும் பிடித்துக்கொள்ளும். 1968-ல் லெஸ்பெரன்ஸ் இதை நோயாளிகளிடம் பயன்படுத்தினார். இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் 532 நானோமீட்டர் பச்சை லேசர்.

சக்தியும் அதிகமில்லை. உதாரணத்துக்கு 0.2 வாட், 0.1 விநாடி என்றால் 0.02 ஜூல். ஒரு ஸ்பூன் தண்ணீரை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் சூடாக்கும். ஆனால் அது மொத்தமும் கடுகை விடச் சின்ன இடத்தில் இறங்குகிறது.

சுட்டால் எப்படிக் குணமாகும்? சர்க்கரையால் ரத்த ஓட்டம் குறைந்த விழித்திரை, ஆக்சிஜன் கேட்டு அழுகிறது. அதனால் வலுவில்லாத புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. ஓரப் பகுதியில் கொஞ்சத்தைச் சுட்டால் தேவை குறைகிறது, குழாய்கள் அடங்குகின்றன. ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொடுத்து நடுப் பார்வையைக் காப்பாற்றும் பேரம். கடுமையான பார்வை இழப்பை இது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976-ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

அதே 1964-ல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரைச் செய்தவர் குமார் படேல். பாராமதிக்காரர், புனே இன்ஜினியரிங் காலேஜ் முன்னாள் மாணவர்! அதன் 10,600 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீர் உடனே விழுங்கும். நம் சதை பெரும்பாலும் தண்ணீர்தான். ஆகவே அது கத்தி மாதிரி அறுக்கும், அறுக்கும்போதே சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். ஆனால் கண்ணில் விட்டால் கருவிழியைத் தாண்டாது, அதையே பொசுக்கிவிடும்.

மீந்துபோன வான்கோழி

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1950-ல் எம்.எஸ்ஸி. முடித்த ரங்கசாமி சீனிவாசன், ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேலை பார்த்தார். 1981 நவம்பரில், நன்றி செலுத்தும் நாளுக்கு மறுநாள், விருந்தில் மீந்த வான்கோழியை லேபுக்குக் கொண்டுவந்து 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரால் வெட்டிப் பார்த்தார். சுத்தமான வெட்டு, கருகலே இல்லை!

கணக்கு எளிது. 1240-ஐ அலைநீளத்தால் வகுத்தால் துகளின் சக்தி எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். பச்சைக்கு 2.3, சூடாக்க மட்டுமே போதும். 193-க்கு 6.4. மூலக்கூறின் பிணைப்பையே அறுத்துவிடும். சூடு பரவும் முன்பே துணுக்குகள் பறந்துவிடும். வைன், பிளம் என்ற சகாக்களோடு அவர் செய்த இந்த வேலையைக் கண் டாக்டர் ட்ரோக்கல் 1983-ல் கருவிழிக்குக் கொண்டுபோனார். இன்று கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லாசிக் சிகிச்சைக்கு வேர் அதுதான். 2013-ல் மூவருக்கும் வெள்ளை மாளிகையில் பதக்கம் கிடைத்தது.

இரண்டாவது சிட்டிங்குக்குப் போகும்போது அப்பாவிடம் சொன்னேன்: "ஜன்னல் கண்ணாடி வழியா வெயில் உள்ளே வந்து தரையைச் சுடுது, கண்ணாடி சுடுதா? அது மாதிரிதாம்ப்பா." அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

இடது கண் தப்பியது. வலது கண்ணுக்கு நேரம் கடந்துவிட்டது. அதில் இப்போது பேப்பர் படிக்க முடியாது. இருக்கிற பார்வையைத்தான் லேசர் காக்கும், போனதைத் திருப்பித் தராது. நாலு வருஷம் முன்னாடியே காட்டியிருந்தால் என்ற நினைப்பு எனக்குப் போகவே போகாது.

அதனால் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்க்கரை இருந்தால், பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டுங்கள். அப்பா அம்மாவையும் கூட்டிப் போங்கள். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, அந்தச் சிவப்புப் புள்ளிகளை நிஜமாகவே அளந்து பாருங்கள். 650 வராவிட்டாலும் பரவாயில்லை. ஏன் வரவில்லை என்று சாரிடம் கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.