ஒரு சொல்கூட இல்லாத இசைத்தட்டு: ‘கிறீன் ஒனியன்ஸ்’

1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்தபோது பேராதனையில் ஒரு போடிங்கில் தங்கியிருந்தேன். அதன் பிறகு கண்டி பஸ்களில் தமிழில் கதைக்கவே யோசித்தோம். அறையில் தமிழ்ப் பாட்டு என்றால் சத்தத்தைக் குறைத்துத்தான். சோதனைக்கு வருபவர்கள் கசற்றுகளையும் புரட்டிப் பார்ப்பார்கள். பயமில்லாமல் சத்தமாகப் போட என்னிடம் ஒரேயொரு கசற்தான் இருந்தது. அதில் ஒரு சொல்கூடக் கிடையாது.

அது, ‘புக்கர் ரி. அண்ட் த எம்.ஜீ.ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவின் ‘கிறீன் ஒனியன்ஸ்’. 1962 ஒக்டோபரில் ஸ்டாக்ஸ் நிறுவனம் தன் பெயரில் வெளியிட்ட முதல் அல்பம். 12 உருப்படிகள். மூன்று அவர்களுடைய சொந்த ஆக்கங்கள். மற்ற ஒன்பதும் அக்காலத்து ப்ளூஸ், பொப் பாட்டுகள், ஓர்கனில் வாசிக்கப்பட்டவை.

தலைப்பு உருப்படி பிறந்ததே தற்செயலாக. மெம்பிஸ் நகரில், பழைய சினிமாக் கொட்டகை ஒன்றில் இயங்கிய ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வேறொரு பாடகருக்கு வாசிக்க வந்த நால்வர், மிஞ்சிய நேரத்தில் தங்களுக்காக ஒரு மெதுவான ப்ளூஸ் வாசித்தார்கள். உரிமையாளர் ஜிம் ஸ்டுவர்ட் அதைப் பதிவுசெய்தார். இசைத்தட்டின் மறுபக்கத்துக்கு இன்னொன்று தேவைப்பட்டது. அந்த மறுபக்கம்தான் ‘கிறீன் ஒனியன்ஸ்’. ஓர்கன் வாசித்த புக்கர் ரி. ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது.

அவர் வாசித்த ஹமண்ட் ஓர்கன் 1930களில் சந்தைக்கு வந்தது. குழாய் ஓர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் பல அதை வாங்கின. றே சார்ள்ஸ் ஒரு தேவாலயப் பாட்டின் சாயலில் காதல் பாட்டு ஒன்றைச் செய்து கண்டனம் வாங்கியவர். எங்கள் கோயில் திருவிழாக்களில் சினிமா மெட்டில் பக்திப்பாட்டு ஒலிக்குமே, அதற்கு நேர்மாறு. அவருடைய ‘ஐ கொட் எ வுமன்’ இங்கே ஓர்கனுக்கு வரும்போது, பாட்டு பழைய வீட்டுக்கே திரும்பிவந்தது போலிருக்கும். ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ மட்டும் எனக்கு ஒட்டவில்லை. கத்திப் பாடவேண்டியதை வாசிக்க மட்டும் செய்தால் பாதிதான் மிஞ்சுகிறது.

ஜோன்ஸ், பேஸ் கிற்றார் வாசித்த லூயி ஸ்டைன்பேர்க், ட்ரம்ஸ் வாசித்த அல் ஜக்சன் மூவரும் கறுப்பினத்தவர். கிற்றார் வாசித்த ஸ்டீவ் குரொப்பர் வெள்ளையர். உள்ளே நால்வரும் ஒன்றாக வாசித்தார்கள். வெளியே நிறவேறுபாடு நிலவிய மெம்பிஸில் பெரும்பாலான உணவகங்களில் ஒரே மேசையில் இருக்க முடியாது. ஸ்டாக்ஸ் கலைஞர்கள் இரு நிறத்தவரும் கூடி உண்டு, பாட்டு எழுதிய இடங்களில் ஒன்று லொரெய்ன் மோட்டல். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது அங்கேதான். அதன் பிறகு ஒலிப்பதிவுக்கூடத்துக்குள்ளும் சந்தேகம் புகுந்தது.

இசை இனங்களை இணைக்கும் என்று சமாதான மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்த நால்வரின் கதை அவ்வளவு இலேசாக அதற்கு ஒத்துவராது. ஒன்றாக வாசித்தது உண்மை, நகரம் மாறாமல் இருந்ததும் உண்மை.

போடிங் வீட்டுக்காரரின் மகன், சிங்களவர், என் வயதுதான். இரண்டாம் பக்கத்தில் ‘லோன்லி அவெனியூ’ தொடங்கினால் கதவடியில் வந்து நிற்பார். முடிந்ததும், திரும்பப் போடச் சொல்லிக் கையால் காட்டுவார். கசற்றைச் சுற்றித் திரும்பப் போடுவேன். யுத்தத்தைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.