விரலுக்கு விலை போட்ட சட்டம்

நெல்லைக்காரங்களுக்கு அடைமிதிப்பான்குளம்னு சொன்னாலே 2022 மே 14 ராத்திரி ஞாபகத்துக்கு வரும். முன்னீர்பள்ளம் பக்கத்துல சுமார் 300 அடி ஆழமான கல்குவாரி. பாறை சரிஞ்சு ஹிட்டாச்சி ஓட்டினவங்க, லாரிக்காரங்கன்னு ஆறு பேர் அடியில மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு பேர் பிழைச்சாங்க. மூணாவதா உயிரோட தூக்கினவரைக் காப்பாத்த முடியலை. அரக்கோணத்துலேர்ந்து தேசிய பேரிடர் மீட்புப் படை வந்தும், மறுபடியும் பாறை சரிஞ்சதால கடைசி உடலை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. மொத்தம் நாலு சாவு. அரசு நிவாரணம் அறிவிச்சது, குவாரி உரிமையாளர் கைதானார்.

எனக்கு உறுத்துறது அந்த 'நிவாரணம்'ங்கிற வார்த்தை. அரசு பார்த்துக் கொடுக்கிற பணம் அது. முதலாளி கொடுத்தே ஆகவேண்டிய இழப்பீடுன்னு ஒண்ணு தனியா இருக்கு. அது நூறு வருஷப் பழசு. நம்ம ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

1885-ல ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துல, தாமிரபரணி அருவித் தண்ணி வேகத்தை வச்சே பஞ்சாலை ஓட்ட ஆரம்பிச்சாங்க. இயந்திரத்துக்கு வேலி போடணும்னு 1881 தொழிற்சாலைச் சட்டம் சொல்லிச்சு. சரி, அதையும் மீறி கை மாட்டினா? கையில இருந்தது 1855-ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு. அதுவும் செத்தவங்க குடும்பத்துக்கு மட்டும்தான். முதலாளி மேல தப்புன்னு நிரூபிக்கவும் வேணும். பஞ்சாலைக் கூலி, துரை மேல வழக்கு போட்டு ஜெயிக்கிறதாவது!

ஜெர்மனி 1884-லயும், பிரிட்டன் 1897-லயும் மாத்தி யோசிச்சாங்க. தப்பு யார் மேலங்கிறது அப்புறம், வேலையில அடிபட்டா முதலாளி பணம் கட்டணும். இந்தியாவுல 1923-ல தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்து, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதுல ஒரு அட்டவணை. கட்டைவிரல் போனா 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, ஒரு கை 60, ரெண்டு கையும் போனா 100. படிக்கும்போது கறிக்கடை விலைப்பலகை மாதிரி இருக்கும். ஆனா பேரம் பேச விடாம காப்பாத்துறது அதுதான். முழு ஊனத்துக்கு மாசச் சம்பளத்துல 60 சதவீதத்தை வயசுக்கான எண்ணால பெருக்கணும். 30 வயசுக்கு அது 207.98. கணக்குல எடுக்கிற சம்பளத்துக்கு 2020-ல 15,000 ரூபாய் உச்சவரம்பு வச்சாங்க. அப்போ முழு ஊனத்துக்கு ரூ.18,71,820. அதுல 30 சதவீதம், அதாவது கட்டைவிரலுக்கு, ரூ.5,61,546.

இ.எஸ்.ஐ. இருக்கேன்னு கேப்பீங்க. 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1948 இ.எஸ்.ஐ. சட்டப்படி, சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட இடம் 'தொழிற்சாலை' கணக்குல வரலை. ஆழமா வெடிவச்சு, மிஷின் போட்டு வெட்டுற குவாரியும் சுரங்கம்தான். அதனால குவாரிக்காரங்களுக்கு அப்போ 1923 சட்டம்தான் கதியா இருந்துச்சு.

நடைமுறையில என்ன நடக்குதுன்னு நமக்கெல்லாம் தெரியும். ஆஸ்பத்திரி வராண்டாவுலயே நாலு பெரிய மனுஷங்க கூடி, "அண்ணாச்சி, ஆனது ஆச்சு, புள்ளைகளைப் பாருங்க"ன்னு ஒரு தொகையைப் பேசி, வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிருவாங்க. அந்தப் பேப்பருக்கு மதிப்பு கிடையாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதுற ஒப்பந்தம் செல்லாது. தொகை பேசி முடிச்சாலும் ஆணையர்கிட்ட பதிவு பண்ணணும். "அவன் காண்ட்ராக்டர் ஆளு"ன்னு மூல முதலாளி கையை விரிக்கவும் முடியாது. அவர் கட்டிட்டு காண்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம். ஒரு மாசத்துக்கு மேல இழுத்தடிச்சா வட்டி (1923 சட்டத்துல 12 சதவீதம்), அதோட இழப்பீட்டுத் தொகையில பாதி வரைக்கும் அபராதம்.

2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்துக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கு. பேர் மாறினாலும் இந்த விஷயங்கள் அதுலயும் இருக்கு. வேலையில ஒருத்தர் இறந்துபோனா பணத்தை முதலாளி நேரா வீட்டுல கொண்டுவந்து கொடுக்கக்கூடாது, ஆணையர்கிட்ட கட்டணும்ங்கிறதும் அப்படித்தான். யாராவது கவரோட வாசல்ல வந்து நின்னா, ஆணையர் அலுவலகத்துல கட்டின ரசீது எங்கன்னு கேளுங்க.